மதத்தைச் சொல்லிப் பள்ளியில் சீண்டினால் என்ன செய்வது? பாலக்காட்டு எல்லைப் பகுதிப் பெற்றோருக்கும் மாணவர்களுக்குமான கேள்வி பதில்

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாகச் செக்போஸ்ட் உள்ள ஊர்களில், வீடு ஒரு மாநிலத்திலும் பள்ளி இன்னொரு மாநிலத்திலுமாகப் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பத்துப் பிள்ளைக்கு மதத்தைச் சொல்லி ஒரு பட்டப்பெயரும், மொழியைச் சொல்லி "பாண்டி" என்று இன்னொன்றும் கிடைத்துவிடுகிறது. விபூதிப் பட்டையோடு கான்வென்டுக்குப் போகிற பிள்ளைக்கும், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதால் "அல்லேலூயா" ஆகிவிட்ட பிள்ளைக்கும் இதே கதைதான். கீழே உள்ளவை பெரும்பாலும் கேரளப் பக்கத்துப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியவை. தமிழ்நாடும் ஆந்திரமும் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

பிள்ளைகள் கேலி பேசுவது சகஜம்தானே? எது எல்லை மீறியது என்று எப்படித் தெரியும்?

மூன்றைப் பாருங்கள். ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பக் குறிவைக்கிறார்களா? அந்தப் பிள்ளை பதிலுக்குக் கேலி செய்ய முடிகிற நிலையில் இருக்கிறதா, இல்லை ஒருவனுக்கு எதிராக ஐந்து பேரா? "போதும், விடுங்கடா" என்று சொன்னால் நிற்கிறதா? நின்றால் கேலி. நிற்காவிட்டால் அது துன்புறுத்தல்.

மதம் சேரும்போது ஒரு தடவையே போதும். "பாகிஸ்தானுக்குப் போ", "உங்க சாமி கல்லுதானே", "அரிசி மூட்டைக்கு மாறினவன்" போன்ற பேச்சு அந்தப் பிள்ளையின் வீட்டார் எல்லாரையும் சேர்த்துத்தான் அடிக்கிறது. பிள்ளையால் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றைக் குத்துவது என்பதால் இதற்கு "இரண்டாவது தடவை நடக்கட்டும்" என்று காத்திருக்கத் தேவையில்லை.

அடியும் வசவும் மட்டும் துன்புறுத்தல் இல்லை. சாப்பிடும்போது தள்ளி உட்காருவது, குழு வேலையில் சேர்க்காமல் விடுவது, டிபனை முகர்ந்து பார்த்து மூக்கைப் பிடிப்பது ஆகியவையும் கணக்கில் வரும். ஆசிரியர் கண்ணில் படாதவை இவைதான். பிள்ளையை அதிகம் உடைப்பவையும் இவைதான்.

முதலில் எங்கே தொடங்குவது?

செய்கிறவர் யார் என்பதைத் தெரிந்துகொள்வதில். சக மாணவர் செய்கிறாரா, ஆசிரியர் செய்கிறாரா, பள்ளியின் விதியே அப்படியா? மூன்றுக்கும் பாதை வேறு. மாணவர் என்றால் தலைமையாசிரியரிடம் போக வேண்டும். ஆசிரியர் என்றால் தலைமையாசிரியருக்குக் கொடுக்கும்போதே கல்வி அலுவலருக்கும் நகல் போக வேண்டும். விதியே தவறு என்றால் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, நிர்வாகத்துக்கும் மேலே உள்ளவர்களுக்கும் எழுத வேண்டும். பெரும்பாலான புகார்கள் படுத்துவிடுவதற்குக் காரணம், இந்த மூன்றையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பிவிடுவதுதான்.

பிள்ளை எதுவுமே சொல்வதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி வரும். ஞாயிறன்று வராது. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கி வைத்து, வீடு வந்ததும் ஓடும். வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வரும். தட்டத்தை (தலைமுக்காட்டை) வாசலில் கழற்றிப் பையில் திணிப்பது, விபூதியை அழித்துவிட்டுப் போவது, பெயரைச் சுருக்கிச் சொல்வது ஆகியவையும் அறிகுறிகள்.

"யார் அடிச்சா, சொல்லு" என்று உலுக்கினால் வாய் மூடிக்கொள்ளும். "இன்னிக்கு யார்கூட உக்காந்து சாப்பிட்டே?" என்று கேளுங்கள். பதிலில் எல்லாம் வந்துவிடும்.

"செத்துப் போறேன்" என்று பிள்ளை சொன்னால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். தோப்புக்கு வாங்கி வைத்திருக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே பூட்டி வையுங்கள். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

ஆதாரம் எப்படிச் சேர்ப்பது?

ஒரு 40 பக்க நோட்டு போதும். நடந்த அன்றைக்கே எழுத வேண்டும், ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் நாளும் நேரமும் மாறிப்போகும். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "அசிங்கமாகத் திட்டினான்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படி இருக்க வேண்டும்:

"10-7, வியாழன், மதியம் 12.50, கைகழுவும் குழாயடி. 'பாய், டிபன்ல என்னடா?' என்று கேட்டு மூடியைத் திறந்து மண்ணை அள்ளிப் போட்டான். கூட இரண்டு பேர் சிரித்தார்கள். டீச்சர் வராந்தாவில் நின்றிருந்தார், திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை."

இந்த நாலு வரியில் நாள், இடம், வார்த்தை, செயல், சாட்சி, பெரியவருக்குத் தெரியும் என்பது ஆகிய ஆறும் வந்துவிட்டன. கிழிந்த சட்டை, கிறுக்கிய நோட்டு இவற்றைத் துவைக்காமல், அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், விழுந்துவிட்டான் என்று சொல்லாமல், அடித்தார்கள் என்றே பதியச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஏ.ஆர். காப்பி என்பதும் கேரளத்தில் வூண்ட் சர்டிபிகேட் என்பதும் இதற்கான காகிதம்தான். முதல் நாள் சொன்னதைப் பிறகு மாற்றினால் அந்தக் காகிதமே உங்களுக்கு எதிராகப் பேசும்.

தலைமையாசிரியருக்கு எப்படி எழுத வேண்டும்?

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நடந்தது என்ன, என்ன கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். அவ்வளவுதான்.

"பொருள்: 6-பி வகுப்பில் படிக்கும் என் மகனை மதத்தைச் சொல்லித் துன்புறுத்துவது குறித்து.
ஜூலை 8, 10, 15 ஆகிய நாட்களில் மதிய உணவு நேரத்தில் அதே வகுப்பு மாணவர் மூவர் என் மகனை மதத்தைச் சொல்லி இழிவாகப் பேசி, உணவில் மண் போட்டுள்ளனர். விவரம் இணைப்பில் உள்ளது. என் மகனின் இடத்தை மாற்றாமல் அவர்களின் இடத்தை மாற்றவும், மதிய நேரத்தில் குழாயடியில் ஆசிரியர் ஒருவரை நிறுத்தவும், இரு தரப்புப் பெற்றோரையும் தனித்தனியே அழைத்துப் பேசவும், எடுத்த நடவடிக்கையை ஏழு நாளில் எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் தேதியும் பள்ளி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். "வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்றால் அன்றைக்கே ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கைச்சாத்து இல்லாத மனு கொடுக்காத மனுதான். பின்னால் போகும் எந்த அலுவலகத்திலும் முதல் கேள்வி "பள்ளிக்கு எழுதிக் கொடுத்தீங்களா?" என்பதாகவே இருக்கும்.

"ரெண்டு பேரும் கை குடுங்க, முடிஞ்சது" என்று சமாதானம் செய்து அனுப்பிவிட்டார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

ஒருவன் தட்டிவிட்டதும் மற்றவன் தட்டிவிட்டதும் சண்டை. அதற்குக் கைகுலுக்கல் சரி. ஐந்து பேர் ஒருவனைத் துரத்தியதற்கு, அதே ஐந்து பேர் முன்னால் அவனை நிறுத்திக் கைகுலுக்க வைப்பது இன்னொரு அவமானம். வெளியே வந்ததும் "ஹெச்.எம். ரூம்ல போட்டுக் குடுத்தியா" என்று இரண்டாம் சுற்று தொடங்கும்.

முதலில் தனித்தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள். மன்னிப்பு கேட்பதானால் எதற்கு என்பதைச் சொல்லிக் கேட்கட்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் குறித்து, நின்றுவிட்டதா என்று பிள்ளையிடம் தனியே கேட்கும் பொறுப்பை ஒரு ஆசிரியருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நாள் குறிக்கப்படாவிட்டால் எந்தச் சமாதானமும் மறுவாரம் தாங்காது.

பள்ளி எதையும் செய்யாவிட்டால் அடுத்து எங்கே?

கேரளத்தில் ஏழாம் வகுப்பு வரை உள்ள பள்ளிகளுக்கு ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்), உயர்நிலைப் பள்ளிக்கு டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்). தமிழ்நாட்டில் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்), டி.இ.ஓ., மாவட்டத்தில் சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்). ஆந்திரத்தில், சித்தூர் பக்கம், எம்.இ.ஓ.வும் (மண்டலக் கல்வி அலுவலர்) டி.இ.ஓ.வும். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் துன்புறுத்தல் தடுப்புக் குழு வைக்க வேண்டும் என்று வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. "உங்கள் குழுவில் யார் யார்?" என்று எழுதிக் கேளுங்கள். குழுவே இல்லாத பள்ளி அந்தக் கேள்விக்குப் பிறகு சுறுசுறுப்பாகிவிடும்.

கேரளப் பள்ளிகளுக்கு இன்னொரு கருவி உண்டு: 1998-ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டம். கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மாணவருக்கு உடலாலோ மனதாலோ கேடு, அச்சம், வெட்கம் உண்டாக்கும் நடத்தை அதில் ராகிங். எழுத்தில் புகார் வந்தால் நிறுவனத் தலைவர் ஏழு நாளில் விசாரிக்க வேண்டும்; மேலோட்டமாக உண்மை என்று தெரிந்தால் அந்த மாணவரை இடைநீக்கம் செய்து, புகாரைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். கவனக்குறைவாக விட்டுவிட்டால் அவரும் உடந்தை ஆகிறார். மேல்வகுப்பு மாணவர்கள் கும்பலாகச் செய்யும்போது இதைக் குறிப்பிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைமீது இதைத் தூக்கிப் போடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை, அது அந்தப் பிள்ளையையும் கெடுக்கும், உங்கள் பிள்ளைக்கும் உதவாது. தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் இதுபோல 1997-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இருக்கின்றன.

இதற்கும் மேலே மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சம்மன் அனுப்பி வரவழைக்கும் அதிகாரம் உண்டு. தண்டிக்கும் அதிகாரம் இல்லை, விளக்கம் கேட்கும், பரிந்துரை செய்யும். கல்வித் துறை அதிகாரிக்கு ஆணையத்தின் கடிதம் வந்தாலே கோப்பு நகரும் என்பதுதான் இதன் பலம்.

ஆசிரியரே மதத்தைச் சொல்லித் திட்டுகிறார். என்ன சட்டம்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. இது 6 முதல் 14 வயது வரை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மனு எழுதும்முன் பள்ளி எந்த வகை என்று பாருங்கள். 17-ஆம் பிரிவை மட்டும் நம்பிய மனு அங்கே ஒரே வரிப் பதிலில் விழுந்துவிடும்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆம் பிரிவு எல்லாப் பள்ளிக்கும் உண்டு: பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற மனவேதனையோ உடல்வேதனையோ உண்டாகும்படி நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு தடவை கோபத்தில் அதட்டியதற்கெல்லாம் நீதிமன்றம் இதை ஏற்காது. தொடர்ச்சியும் கடுமையும் தெரிய வேண்டும், அதற்குத்தான் மேலே சொன்ன நோட்டு.

எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளியில் ஆசிரியரை நியமிப்பவர் மேனேஜர். எனவே மனுவின் நகல் அவருக்கும் போகட்டும். தலைமையாசிரியருக்கும் ஏ.இ.ஓ.வுக்கும் மட்டும் அனுப்பிவிட்டு மேனேஜரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பள்ளியில் நடக்கும் வழிபாட்டில் எங்கள் பிள்ளை கலந்துகொண்டே ஆக வேண்டுமா?

வேண்டாம். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(1). அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் எந்தப் பள்ளியிலும், சிறுபான்மைப் பள்ளி உட்பட, மைனர் பிள்ளையை மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது 28(3). தனியார் பள்ளிக்கும் பொருந்தும் என்பதை மறக்காதீர்கள், "இது பிரைவேட், எங்க இஷ்டம்" என்ற பதில் இங்கே செல்லாது.

சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். "பள்ளியின் வழிபாட்டு முறைகளுக்குச் சம்மதிக்கிறேன்" என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், நீங்கள் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். அப்படியானால் இன்ன தேதி முதல் சம்மதமில்லை என்று எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும், நூலகத்திலா வகுப்பிலா, யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இதை விட்டுவிட்டால் பிள்ளையை வெயிலில் வராந்தாவில் நிறுத்தி வைப்பார்கள், அதுவே தண்டனையாகிவிடும்.

தேசிய கீதம் பாட எங்கள் மதம் அனுமதிக்கவில்லை. பள்ளியை விட்டு நீக்கலாமா?

கேரளத்திலேயே நடந்த வழக்கு இது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் மரியாதையோடு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985-இல் கோட்டயம் மாவட்டத்தில் ஒரு பள்ளி அவர்களை நீக்கியது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பிஜோ இம்மானுவேல் வழக்கில், திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நிற்க வேண்டும், இடையூறு செய்யக் கூடாது, பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு விடுவார்களா?

கேரளப் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம், அதற்குள் போய்வர முடியும். தமிழ்நாட்டில் அந்த வழக்கம் இல்லை. மீனாட்சிபுரத்திலிருந்து பொள்ளாச்சிப் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்கு இது முதல் வாரமே இடிக்கும். சேர்க்கும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சபரிமலைக்கு மாலை போட்ட பிள்ளையைக் கறுப்புச் சட்டையில் விடவில்லை. ஹிஜாபுக்கும் இதே பிரச்சினை. சட்டம் என்ன சொல்கிறது?

நேரான பதில் இங்கே இல்லை. 2018 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம், தலைமுக்காடும் முழுக்கைச் சட்டையும் கேட்ட இரண்டு மாணவிகளின் வழக்கில், தனியார் பள்ளியின் சீருடை முடிவு தனிநபர் விருப்பத்துக்கு மேலே என்று சொன்னது. கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வெவ்வேறு தீர்ப்பு எழுதினார்கள். ஆகவே "எங்கள் உரிமை, விட்டே ஆகணும்" என்று வாசலில் நின்றால் பிள்ளைக்குப் பாடநாள்தான் போகும்.

கேட்க முடிந்தது வேறு. ஒரு மதத்துக்கு விலக்கு கொடுத்துவிட்டு இன்னொன்றுக்கு மறுத்தால் அது பாகுபாடு. மண்டலக் காலம் 41 நாளுக்குக் கறுப்பு வேட்டி, செருப்பில்லாக் கால் இவற்றுக்கு வழிவிடும் பள்ளி, சீருடை நிறத்திலேயே தட்டம் போடுவதை மறுத்தால் காரணம் கேளுங்கள், மறுபக்கமும் அப்படியே. நடைமுறையில் நிறைய இடங்களில் தீர்வது நிறத்தில்தான்: சீருடை நிறத்தில் முக்காடு, சட்டைக்குள் மாலை. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி போட்டு முன்கூட்டியே கடிதம் கொடுத்தால் பேச்சு சுலபம்.

பள்ளி விதி எதுவானாலும், ஆசிரியர் எல்லார் முன்னாலும் முக்காட்டை இழுப்பதோ மாலையைக் கழற்றி வீசுவதோ சீருடை விதியில் அடங்காது. அது மேலே சொன்ன துன்புறுத்தல் கணக்கில் போகும்.

வீடு தமிழ்நாட்டில், பள்ளி கேரளத்தில். எந்த மாநிலத்தில் புகார் கொடுப்பது?

பள்ளி மீதான புகாருக்குப் பள்ளி இருக்கும் மாநிலம். கல்வி அலுவலர், குழந்தைகள் ஆணையம் எல்லாமே அங்கேதான். வீட்டு முகவரியை வைத்துச் சென்னைக்கு எழுதினால் அது சுற்றித் திருவனந்தபுரம் போய்ச் சேர மாதங்கள் ஆகும்.

போலீஸ் விஷயம் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். பஸ்ஸில் கோபாலபுரம் தாண்டியபின் அடித்தார்களா, தாண்டும்முன் அடித்தார்களா என்ற விவாதத்தில் உங்களை அலைக்கழிக்க விடாதீர்கள்.

குழந்தைகள் உதவி எண் 1098 எல்லா மாநிலத்துக்கும் பொது. எல்லையோரத்தில் கைபேசி பக்கத்து மாநில டவரைப் பிடித்திருந்தால் அழைப்பு அந்தப் பக்கம் போகக்கூடும், எடுத்தவுடன் பள்ளி இருக்கும் மாவட்டத்தைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, இது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு மட்டும்.

எங்களுக்கு மலையாளம் எழுத வராது. தமிழில் மனு கொடுத்தால் வாங்குவார்களா?

வாங்க வேண்டும். குறைதீர்க்கக் கோரும் மனுவை, நாட்டிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350. "மலையாளத்துல எழுதிட்டு வாங்க" என்று திருப்பினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். வேகமாக நடக்க வேண்டுமென்றால் மட்டும் ஐந்து வரி மலையாளச் சுருக்கம் ஒன்றை இணைத்துவிடுங்கள். மனு தமிழில் இருப்பது உங்கள் உரிமை. சுருக்கம் இணைப்பது கோப்பைப் படிக்கிறவருக்கான வசதி, படிக்க முடியாத கோப்பு அடியில் போய்விடும் என்பதற்காக.

வாட்ஸ்அப் குரூப்பில் மதத்தைக் கேலி செய்து படம் போடுகிறார்கள்.

வெளியேறும்முன் எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள்: குரூப் பெயர், அனுப்பியவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பிறகு முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட். அந்தப் போனை ரீசெட் செய்யாதீர்கள், நீதிமன்றம் வரை போனால் மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் தேவைப்படும், மூலப் போன் இருந்தால்தான் அது சுலபம். "பாருங்க என்ன பண்றாங்க" என்று படத்தை நாலு பேருக்கு அனுப்பினால் பரப்பியவர் பட்டியலில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள்.

ஆடையை அவிழ்த்த படம், கழிப்பறைப் படம் என்றால் அது போக்சோ (சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்). பள்ளி "உள்ளேயே பேசி முடிக்கலாம்" என்று சொல்லவே முடியாது, தெரிந்தவர் எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம்.

போலீசுக்குப் போனால் அந்தப் பையனைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களா?

18 வயதுக்குக் கீழே என்றால் லாக்கப்பும் இல்லை, விலங்கும் இல்லை. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றம், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்தது, இவை தவிர மற்றவற்றுக்குச் சிறார்மீது எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பச் சூழல் அறிக்கையோடு சிறார் நீதி வாரியத்துக்குப் போகும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் உண்டு, அவரைக் கேட்டுப் பேசுங்கள்.

மனுவில் புதிய தண்டனைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.) மதம் தொடர்பான 196, 299, 302 என்று பிரிவு எண்களை அடுக்காதீர்கள். நடந்ததை எழுதுங்கள். பிரிவு போடுவது அவர்கள் வேலை. தப்பான பிரிவை நீங்களே எழுதிக் கொடுத்தால் அதை வைத்தே மனுவை மூடுவார்கள்.

அந்தப் பையனின் படத்தையும் பெயரையும் பேஸ்புக்கில் போடுவது மிகப் பெரிய தவறு. வழக்கில் உள்ள சிறாரின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் கூட வரலாம். உங்கள் பிள்ளையின் அடையாளத்துக்கும் அதே சட்டம்தான்.

நான் ஒன்பதாவது படிக்கிறேன். திருப்பி அடித்தால் என்ன?

அடித்த நிமிஷத்திலிருந்து அது "இரண்டு பேர் சண்டை" ஆகிவிடும். அவர்கள் ஒரு மாதமாகச் செய்ததை யாரும் கேட்க மாட்டார்கள், உன் ஒரு அடியைத்தான் எல்லாரும் பார்த்திருப்பார்கள். உன்னைப் பிடித்து வைத்திருந்தால் விடுவித்துக்கொண்டு ஓடுவது வேறு.

குரலை உயர்த்தாமல், எல்லாருக்கும் கேட்கும்படி ஒரே வாக்கியம் சொல்: "அப்படிக் கூப்பிடாதே, என் பேர் இன்னது." விளக்கம் வேண்டாம், மதத்தைப் பற்றி வாதம் வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது அந்த வாதம்தான். சொல்லிவிட்டு ஆள் இருக்கும் பக்கம் நட. அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல். அவர் அசட்டை செய்தால் அடுத்தவரிடம் சொல்.

என்னைச் செய்யவில்லை, என் நண்பனைச் செய்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

நிறைய. அவன் பக்கத்தில் போய் "வாடா, சாப்பிடப் போலாம்" என்று கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போகாமல் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு போ. சிரிக்காதே, சிரிப்பு நின்றால் ஆட்டத்தில் பாதி போய்விடும். நீ பார்த்ததை எழுதிக் கொடு. வேறு மதத்துப் பிள்ளை எழுதிக் கொடுக்கும் சாட்சிக்கு எந்த விசாரணையிலும் தனி எடை உண்டு.

ஜமாஅத், கோயில் கமிட்டி, சபை, கட்சிக்காரர்களிடம் முதலில் சொல்லலாமா?

முதலில் வேண்டாம். பதினைந்து பேர் பள்ளி வாசலுக்குப் போனால் பேச்சு பிள்ளையிலிருந்து விலகி இரண்டு ஊருக்கான மானப் பிரச்சினையாக மாறிவிடும். மறுநாள் அந்தப் பக்கமும் பதினைந்து பேர் வருவார்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள், வார்டு மெம்பரோ, பி.டி.ஏ.வில் (பெற்றோர் ஆசிரியர் கழகத்தில்) இருக்கும் வேறு மதத்துப் பெற்றோரோ. இரண்டாமவர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

எங்கள் பிள்ளைதான் சீண்டுகிறான் என்று கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அங்கேயே அடிக்காதீர்கள். "எம்புள்ள அப்படிச் செய்ய மாட்டான்" என்றும் வாதாடாதீர்கள். நடந்ததை முழுதாகக் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி "அந்த வார்த்தையை எங்கே கேட்டே?" என்பது. பாதிப் பதில் சாப்பாட்டு நேரத்தில் நாம் டி.வி. பார்த்துப் பேசியதில் இருக்கும். கெடுத்த பொருளுக்கு ஈடு கொடுக்க வையுங்கள், அதில் பாதி அவன் கைக்காசாக இருக்கட்டும்.

மதத்தோடு சாதியையும் சேர்த்துத் திட்டினால்?

பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையை அந்தப் பிரிவில் சேராத பெரியவர், நாலு பேர் முன்னால் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டியல் சாதி என்ற தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும். கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. பழங்குடிக்கு மதக் கட்டுப்பாடு இல்லை. அட்டப்பாடியிலோ வாளையார் மலையடியிலோ உள்ள இருளர் பிள்ளை எந்த மதமானாலும் சட்டம் பொருந்தும்.

இத்தனைக்கும் பிறகு வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறோம்.

பிள்ளைக்கு மூச்சு விட முடியவில்லை என்றால் மாற்றுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. டி.சி.யில் காரணம் எழுதும் இடத்தில் "சொந்தக் காரணம்" என்று அவர்களே நிரப்பித் தருவார்கள். கையெழுத்துப் போடும்முன் படியுங்கள், புகார் நிலுவையில் இருப்பதைத் தனிக் கடிதத்தில் எழுதிக் கொடுத்துக் கைச்சாத்து வாங்குங்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமானாலும், புதிய பள்ளி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ என்றால் சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பழைய பள்ளி மீதான மனு என்ன ஆயிற்று என்று ஏ.இ.ஓ. அலுவலகத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.